தோட்டத்துக் குளத்தை மீட்பது எப்படி: நில அலுவலகத்திலிருந்து படித்துறை வரை

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்திலுள்ள பகாவ் போன்ற ஒரு தோட்டப் பட்டணத்தில் குளம் பச்சை பிடித்து நாறத் தொடங்கியதும் கிளம்பும் முதல் யோசனை, "பேக்கோ வெச்சுத் தோண்டிட்டா சரியாயிடும்" என்பதுதான். அடுத்த யோசனை சுற்றிலும் சிமெண்டுக் கரை, ஓடுபாதை, நடுவில் நீரூற்று, வாசலில் ஊர்ப் பெயர் பெரிய எழுத்தில். இரண்டுக்கும் நிறைய காசு போகும். இரண்டும் சில மழைக்காலத்துக்கு மேல் நிற்காது. குளத்தைக் கெடுக்கும் காரணங்கள் அதற்குத் தண்ணீர் அனுப்பும் மேட்டிலும் கால்வாயிலும் இருக்கின்றன. அதைக் காக்கும் பிடி நில அலுவலகத்துக் கோப்பில் இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியில் மண்வெட்டியைக் கையில் எடுக்கும் வேலை பாதி தூரம் கடந்த பிறகே வரும். வரிசையை மாற்றினால் அதே வேலையைத் திரும்பச் செய்ய நேரும்.

முதலில்: அது எந்த வகைக் குளம்?

நம் பக்கத்தில் குளம் என்று சொல்பவை பெரும்பாலும் மூன்று வகை. பால்மரக் காலத்தில் தோட்ட நிர்வாகம் ஓடையை மறித்து மண்கரை போட்டு, ரப்பர் ஆலைக்கும் லயத்து வீடுகளுக்கும் தண்ணீர் எடுத்த அணைக்குளம் ஒன்று. ஈயம் தோண்டிவிட்டுக் கைவிட்ட ஈயக்குட்டை இன்னொன்று. தாமான் எனும் குடியிருப்பு கட்டும்போது வெள்ளநீரைப் பிடித்து வைக்க வெட்டிய தேக்கக் குளம் மூன்றாவது.

வகை தெரியாமல் வேலை தொடங்கக் கூடாது. அணைக்குளத்தின் பெரிய ஆபத்து அதன் மண்கரை. கட்டி அறுபது எழுபது ஆண்டு ஆனவை உண்டு. கரையின் அடிப்பக்கத்தில் ஈரம் கசிகிறதா, கறையான் புற்று இருக்கிறதா, உடும்பு வளை போட்டிருக்கிறதா, மதகுப் பலகை மட்கிவிட்டதா, மிகைநீர் வெளியேறும் கலிங்கு அடைபட்டிருக்கிறதா என்று நடந்து பாருங்கள். ஒன்று இருந்தாலும் முதல் கடிதம் நீர்ப்பாசன வடிகால் துறையின் மாவட்டப் பொறியாளருக்குப் போகட்டும். மண்கரை உடைந்தால் கீழே இருக்கும் வீடுகள் தாங்காது. அந்தக் கரைமேல் மரம் நடும் பழக்கத்தையும் கைவிட வேண்டும்: வேர் மட்கிய பிறகு அந்த வழியாகவே தண்ணீர் துளை போட்டு வரும். அங்கே புல் மட்டும் போதும்.

ஈயக்குட்டை வேறு மாதிரி. கரையிலிருந்து இரண்டு எட்டு வைத்தால் தலைக்கு மேல் தண்ணீர். அடியிலுள்ள மண்ணில் ஆர்செனிக் போன்ற உலோகங்கள் இருக்க வாய்ப்புண்டு, அதனால் சோதிக்காமல் அந்தச் சேற்றை அள்ளி வயலிலோ பள்ளித் தோட்டத்திலோ கொட்டக் கூடாது. ஆனாலும் ஈயக்குட்டை என்றால் வீண் இடம் என்று நினைத்துவிடாதீர்கள். தைப்பிங் ஏரிப் பூங்கா 1880-இல் பொதுமக்களுக்கென மாற்றப்பட்ட பழைய ஈயச் சுரங்கம்தான். பத்து காஜா அருகிலுள்ள கிந்தா இயற்கைப் பூங்காவின் குட்டைகளில் இன்று நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுகின்றன.

படி 1: நிலம் யார் பெயரில்?

இதுதான் அதிகம் பேர் தாண்டிப் போகும் படி. குளத்தை ஐந்து வருடம் சுத்தம் செய்த பிறகு, நிலம் கைமாறி, மண்லாரி வரிசையாக வந்து நிற்கும்போது கையில் ஒரு காகிதமும் இருக்காது.

லாட் எண்ணைக் கண்டுபிடியுங்கள். மாவட்ட நில அலுவலகத்தில் சிறு கட்டணம் கட்டி 'சாரியான் பெர்செண்டிரியான்' எனும் நிலப்பதிவுத் தேடல் கேட்டால் உரிமையாளர் பெயர், நிலத்தின் பயன்பாட்டு வகை, குத்தகையா நிரந்தரமா என்ற விவரம் கிடைக்கும். வரும் பதிலைப் பொறுத்து வழி பிரியும்.

தோட்ட நிறுவனத்தின் பெயரில் இருந்தால், குளமும் அதைச் சுற்றிய ஒரு பட்டையும் எதிர்காலத்தில் தனியே பிரித்து அரசிடம் ஒப்படைக்கப்பட வேண்டும் என்று இப்போதே எழுத்தில் கேளுங்கள். தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்படும் நாளில்தான் குளம் மூடப்படும். அந்த நாளில் கேட்பது தாமதம். அரசு நிலமாக இருந்தால் வேலை எளிது. 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தின் 62-வது பிரிவின்படி மாநில அரசு ஒரு நிலத்தைப் பொதுத் தேவைக்கென அரசிதழில் ஒதுக்கலாம். அறிவிப்பில் நோக்கமும், பராமரிக்கும் அதிகாரியின் பதவியும் எழுதப்படும். ஒதுக்கியதை நீக்குவதற்கும் முன் அறிவிப்பு, விசாரணை எல்லாம் உண்டு. இந்த அரசிதழ் அறிவிப்புதான் குளத்துக்கு நாம் கட்டக்கூடிய ஆக வலுவான வேலி.

தேக்கக் குளமாக இருந்தால் மேம்பாட்டாளர் அதை ஊராட்சியிடம் ஒப்படைத்துவிட்டாரா என்று கேளுங்கள். ஒப்படைப்பு முடியாமல் இருவருக்கும் நடுவில் அனாதையாகக் கிடக்கும் குளங்கள் நிறைய.

அதோடு 1976-ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்கீழ் வரும் 'ரன்சாங்கான் தெம்பாத்தான்' எனும் உள்ளூர்த் திட்ட வரைபடத்தையும் பாருங்கள். அதில் உங்கள் குளம் நீர்நிலை என்றோ திறந்தவெளி என்றோ குறிக்கப்பட்டிருக்கிறதா? வரைவுத் திட்டம் மக்கள் பார்வைக்கு வைக்கப்படும் வாரங்களில் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் எழுதலாம். அந்த வாரங்களைத் தவறவிட்டால் அடுத்த வாய்ப்புக்குப் பல வருடம் காத்திருக்க வேண்டும்.

நிலமும் நீரும் கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி மாநிலத்தின் அதிகாரத்தில் இருப்பவை. ஆகவே கோலாலம்பூருக்கு மனு அனுப்புவதைவிட மாநிலத் தலைநகர் சிரம்பானுக்கு அனுப்புவது பலன் தரும். கடிதம் மலாயில், ஒரே பக்கத்தில், வரைபடம் இணைத்து இருக்கட்டும். சட்டமன்ற உறுப்பினருக்கும் மாவட்ட அதிகாரிக்கும் நகல் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை உங்கள் பிரதியில் வாங்கி வையுங்கள்.

படி 2: தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

பகாவ் இருக்கும் ஜெம்புல் பகுதிக்கு ஒரு சிறப்பு உண்டு. ஜெம்புல் ஆறும் செர்த்திங் ஆறும் இங்கே ஒன்றுக்கொன்று மிக அருகில் ஓடுகின்றன. ஒன்று மூவார் ஆற்றில் கலந்து மலாக்கா நீரிணைக்குப் போகிறது. மற்றது பெரா, பகாங் ஆறுகள் வழியாகத் தென்சீனக் கடலுக்குப் போகிறது. அந்தக் காலத்தில் படகைத் தரைமேல் இழுத்து ஒரு ஆற்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினார்கள். பெனாரிக்கான் என்ற பெயர் அதனால் வந்தது. இப்படிப்பட்ட நிலத்தில், சாலைக்கு இந்தப் பக்கம் விழும் மழை நம் குளத்துக்கு வரும், அந்தப் பக்கம் விழுவது வராது. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நடந்துதான் பார்க்க வேண்டும்.

நல்ல மழை கொட்டும் ஒரு மாலையில் குடையோடு கிளம்புங்கள். குளத்தில் சேரும் ஒவ்வொரு வாய்க்காலையும் மேல்நோக்கிப் பின்தொடருங்கள். தண்ணீரின் நிறம் என்ன என்று ஒவ்வொரு இடத்திலும் எழுதுங்கள்: செம்மண் நிறம் வந்தால் மேலே எங்கோ மண் திறந்து கிடக்கிறது, சாம்பல் நிறமும் சோப்பு நுரையும் என்றால் வீட்டுக் கழிவு, தேநீர் நிறத்தில் தெளிவாக வந்தால் சதுப்பு அல்லது காட்டுப் பகுதி. தேநீர் நிறம் நோயில்லை. அதை யாராவது "அழுக்குத் தண்ணி" என்றால் விளக்கிச் சொல்லுங்கள். பிறகு மழையில்லாத நாளிலும் அதே வழியில் நடங்கள். காய்ந்து கிடக்க வேண்டிய வாய்க்காலில் தண்ணீர் ஓடினால் அது யாரோ திறந்துவிடும் கழிவு.

வரைபடத்தில் இல்லாதது வயதானவர்களின் நினைவில் இருக்கும். தோட்டத்தில் தண்டலாகவோ (மேற்பார்வையாளர்) கிராணியாகவோ (எழுத்தர்) இருந்து ஓய்வுபெற்றவர்கள், வெளிக்காட்டு வேலை செய்த பாட்டிமார்கள் இன்னும் தாமான் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய், "தாத்தா, அந்தக் காலத்துல கடும் வெயில்லயும் வத்தாத ஊத்து எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்று கேளுங்கள். "தம்பி, பழைய ஆயக்கொட்டகைக்குப் பின்னால பாரு" என்று, தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட கொட்டகையை அவர் கைகாட்டும் இடத்தில் இன்று குப்பை கொட்டிக் கிடக்கலாம். அதைத் தோண்டித் திறப்பதே குளத்துக்கு நல்ல தண்ணீர் கிடைக்கும் வழியாக அமையலாம். நெகிரி செம்பிலானின் உட்பகுதி தீபகற்பத்தில் மழை குறைந்த இடங்களில் ஒன்று என்பதால் ஊற்றுத் தண்ணீர் நமக்கு இன்னும் முக்கியம்.

படி 3: அளந்து எழுதுங்கள்

பெரிய கருவி வேண்டாம். 20 செண்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டத் தட்டை நான்காகப் பிரித்து கறுப்பும் வெள்ளையும் மாற்றி அடித்து, அடியில் கனம் கட்டி, அளவு போட்ட கயிற்றில் இறக்குங்கள். இதற்கு செக்கி தட்டு என்று பெயர். நண்பகல் ஒட்டி, படகின் நிழல் விழும் பக்கத்தில் இறக்கி, தட்டு கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறிக்க வேண்டும். 2 மீட்டருக்குக் குறைவாக இருந்தால் குளத்தில் உரச்சத்து மிகுந்து பாசி பெருத்திருக்கலாம். செம்மண் கலங்கலும் இதே எண்ணைத் தரும் என்பதால், நிறத்தையும் சேர்த்து எழுதினால்தான் காரணம் புரியும்.

நீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்கும் கருவியைப் பள்ளியிடமோ பல்கலைக்கழகத்திடமோ இரவல் கேட்கலாம். அளக்க வேண்டிய நேரம் விடியற்காலை. பகலில் பாசி ஆக்சிஜனை வெளியிடுவதால் எண் அழகாகத் தெரியும். இரவெல்லாம் அதே பாசி ஆக்சிஜனை உறிஞ்சி, சூரியன் எழும் முன் அளவு அடிமட்டத்துக்கு இறங்கும். நம் வெப்பத்தில் தண்ணீர் தாங்கக்கூடியதே லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் அளவுதான். விடியலில் 3-க்குக் கீழே போனால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கும். மீன் செத்து மிதந்த மறுநாள் நண்பகலில் அளந்துவிட்டு "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று சொல்லும் அறிக்கைக்கு மதிப்பில்லை.

வருடம் இரண்டு முறையாவது 'சாம்' எனும் மலேசிய ஆய்வக அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புங்கள். மலேசிய நீர்த்தர வகைப்பாட்டில் மக்கள் இறங்கி விளையாடத் தகுந்தது 2பி வகை. அதற்கான அளவுகள் சில: அம்மோனியா நைட்ரஜன் லிட்டருக்கு 0.3 மில்லிகிராம், உயிரியல் ஆக்சிஜன் தேவை (தண்ணீரிலுள்ள அழுக்கை நுண்ணுயிர்கள் மட்க வைக்க எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்) 3, மிதக்கும் திடப்பொருள் 50, மலக் கோலிஃபார்ம் எனும் கிருமி 100 மில்லிலிட்டருக்கு 400. மொத்தப் பாஸ்பரசையும் கேட்டு வாங்குங்கள், லிட்டருக்கு 0.035 மில்லிகிராமைத் தாண்டினாலே ஏரி பாசி பிடிக்கும் நிலைக்கு வந்துவிட்டதாக உலகளவில் கணக்கிடுகிறார்கள்.

கரையில் ஒரு கம்பம் நட்டு நீர்மட்டம் எழுதுங்கள். மாதம் ஒரு முறை அதே இடத்தில் நின்று அதே திசையில் படம் எடுங்கள். மூன்று வருடப் படங்களை அடுக்கி வைத்தால் எந்த அதிகாரியிடமும் நீண்ட விளக்கம் தேவைப்படாது.

படி 4: வரும் அழுக்கை மேலேயே நிறுத்துங்கள்

முழு வேலையின் கனமும் இந்தப் படியில்தான். இதை முடிக்காமல் அடுத்ததற்குப் போகாதீர்கள்.

*மறுநடவு மண்.* செம்பனை (எண்ணெய்ப் பனை) ஏறக்குறைய 25 ஆண்டுக்கு ஒரு முறை வெட்டி மறுநடவு செய்யப்படும். அந்த ஒன்றிரண்டு ஆண்டுகள் மேடு முழுவதும் மண் திறந்து கிடக்கும். குளத்தில் படியும் வண்டலில் பெரும்பங்கு அப்போது வந்து சேரும். நிர்வாகியிடம் மறுநடவு அட்டவணையை முன்கூட்டியே கேளுங்கள். படிக்கட்டு நிலம் சமமட்டக் கோட்டில் வெட்டப்பட வேண்டும், மூடுபயிர்க் கொடி உடனே விதைக்கப்பட வேண்டும், ஓடையை ஒட்டிய வரிசைகளில் மறுநடவே வேண்டாம். ஓடையோரம் விட வேண்டிய பட்டைக்கு நீர்ப்பாசன வடிகால் துறையின் வழிகாட்டி உண்டு: 5 மீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள ஓடைக்கு இரு கரையிலும் 5 மீட்டர், அகலம் கூடக் கூட அதிகரித்து 40 மீட்டரைத் தாண்டிய ஆற்றுக்கு 50 மீட்டர். 2020 தொடக்கத்திலிருந்து எம்எஸ்பிஓ எனும் நிலைத்த செம்பனை எண்ணெய்ச் சான்று நாட்டின் எல்லாச் செம்பனைத் தோட்டங்களுக்கும் கட்டாயம். ஆற்றோரப் பட்டையைக் காப்பது அதில் பார்க்கப்படும் ஒன்று. இதைச் சண்டையாக எடுத்துப் போக வேண்டாம். "உங்கள் சான்றுக்கு உதவும், எங்கள் குளமும் பிழைக்கும்" என்று பேசினால் பெரும்பாலான நிர்வாகிகள் காது கொடுப்பார்கள். பட்டைக்குள் ஏற்கெனவே நிற்கும் மரங்களை வெட்டச் சொல்லத் தேவையில்லை. அங்கே உரமும் களைமருந்தும் நின்று, அடிப்புல் வளர்ந்தாலே தண்ணீர் தெளியத் தொடங்கும்.

*உரம்.* கனமழைக்கு முந்திய நாள் போடும் உரம் மரத்துக்குப் போகாமல் குளத்துக்கு வந்துவிடும். இது தோட்டத்துக்கும் நட்டம் என்பதால் உரம் போடும் நாளைத் தள்ளி வைக்கச் சொல்வது எளிய கோரிக்கை.

*எண்ணெய் ஆலை.* செம்பனை ஆலையின் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாத நிலையில் லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவுக்கு உயிரியல் ஆக்சிஜன் தேவை கொண்டது. 1977-ஆம் ஆண்டின் விதிமுறைகள் ஆற்றில் விடுவதற்கு 100 என்ற வரம்பை வைத்தன. சில இடங்களில் அதைவிடக் கடுமையான வரம்பும் உண்டு. கழிவுக் குளம் மழையில் நிரம்பி வழிந்தால் ஒரே இரவில் கீழே எல்லா மீனும் சாகும். அப்படி நடந்தால் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே சுற்றுச்சூழல் துறையை அழையுங்கள். நாம் போத்தலில் பிடித்து வைக்கும் தண்ணீர் வழக்கில் சான்றாக நிற்பது கடினம். அதிகாரி தாமே எடுத்தால்தான் நிற்கும். நமது பங்கு நேரம், இடம், படம் மூன்றையும் சரியாகக் குறித்து வைப்பது.

*கட்டுமான இடம்.* மேலே புதிய தாமான் எழும்புகிறது என்றால் மண்ணரிப்புத் தடுப்புத் திட்டமும் வண்டல் பிடிக்கும் குளமும் அங்கே இருந்தாக வேண்டும். வேலி ஓட்டை வழியாகப் பார்த்தாலே இருக்கிறதா இல்லையா என்று தெரியும்.

*நம் வீடு, நம் கடை.* இதை மறைத்துப் பேசிப் பயனில்லை. பழைய வீடுகளின் மலக்குழிகள் பல ஆண்டுகள் தூர் வாரப்படாமல் வழிகின்றன. ரொட்டிச் சானாய்க் கடை எண்ணெய், பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தை முடிந்து கழுவிவிடும் தண்ணீர், கார் கழுவும் கடை நுரை எல்லாம் மழைநீர்க் கால்வாய் வழியாக நேரே குளத்துக்கு வருகின்றன. மழைநீர்க் கால்வாய் வேறு, கழிவுநீர்க் குழாய் வேறு. மழைநீர்க் கால்வாய்க்குச் சுத்திகரிப்பு நிலையம் எதுவும் கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. கடைக்காரர்களிடம் எண்ணெய்த் தடுப்புத் தொட்டி வைக்கச் சொல்வதை நோட்டீஸ் ஒட்டிச் செய்யாதீர்கள். அவர்களுக்குத் தெரிந்த ஒருவர் போய், "அண்ணே, இதை வாரத்துக்கு ஒருக்கா அள்ளிட்டா போதும்" என்று காட்டிக் கொடுக்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் கொஞ்சம் அழுக்கு வரத்தான் செய்யும். அதைப் பிடிக்க வாய்க்கால் குளத்தில் சேரும் வாயில் ஒரு சிறு முன்குளம் வெட்டுங்கள். வேகம் குறைந்து மண் அங்கேயே படியும். வருடம் ஒரு முறை அதை மட்டும் அள்ளினால் போதும். முன்குளத்தைத் தாண்டி ஆழமில்லாத ஈரநிலத்தில் கோரையும் நாணலும் நட்டால் உரச்சத்தின் ஒரு பகுதியை அவை உறிஞ்சும். புத்ராஜெயாவில் ஏரிக்கு மேலே 24 ஈரநிலப் பாத்திகளை அமைத்ததும் இதே கருத்தில்தான். நம் அளவுக்கு ஒரு பாட்மிண்டன் திடல் பரப்பு இருந்தாலும் தொடங்கலாம்.

படி 5: களை

ஆகாயத்தாமரை அமேசான் பகுதியிலிருந்து வந்தது. உரச்சத்துள்ள வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு வாரத்துக்குள் இரட்டிப்பாகும். விதை சேற்றில் பதினைந்து, இருபது ஆண்டுகூட உயிரோடு கிடக்கும். அதனால் ஒரே நாள் கோத்தோங்-ரோயோங் எனும் கூட்டுப் பணியில் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுப் படம் பிடித்துக்கொண்டு போனால் இரண்டே மாதத்தில் குளம் மறுபடி மூடியிருக்கும். மிதவைக் கயிறு கட்டி குளத்தைப் பகுதிகளாகப் பிரியுங்கள். காற்று வீசும் பக்கத்திலிருந்து ஒரு பகுதியை முடித்து, அதை வாரம் ஒரு முறை காவல் காத்து, முளைக்கும் குட்டிகளைக் கையால் எடுத்த பிறகே அடுத்த பகுதி. எடுத்ததைத் தண்ணீர் ஓரம் போடாதீர்கள். மட்கும்போது அதே உரச்சத்து திரும்ப இறங்கிவிடும். மேட்டில் குவித்து உரமாக்கலாம். ஈயக்குட்டைக் களையை மட்டும் காய்கறிக்குப் போடக் கூடாது, செடி உலோகங்களை உறிஞ்சியிருக்கும்.

களைமருந்து வேண்டாம். மொத்தமாகச் செத்த களை அழுகும்போது ஆக்சிஜனைத் தின்று மீனைக் கொல்லும். பாராகுவாட் 2020 தொடக்கம் முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்ட மருந்து; பழைய ஸ்டோரில் கிடக்கும் கேனை யாராவது கொண்டுவந்தால் உடனே தடுத்துவிடுங்கள்.

தாமரை, அல்லி, கோரை ஆகியவற்றை முழுவதுமாக எடுக்கக் கூடாது. கானாங்கோழியும் நீலத்தாழைக்கோழியும் சீழ்க்கைச் சிறகியும் அந்த மறைவில்தான் குஞ்சு பொரிக்கின்றன.

படி 6: தூர் வாருதல், நீர்மட்டம்

மேலிருந்து மண் வருவது நின்றபின் ஆழத்தை அளங்கள். படகில் போய், கயிற்றில் கல் கட்டி, பத்து மீட்டருக்கு ஒரு புள்ளி. எங்கே படிந்திருக்கிறதோ அங்கே மட்டும் அள்ளினால் செலவு பாதியாகும். சேற்றை முதலில் ஆய்வகத்தில் சோதியுங்கள். நீண்ட நாள் படிந்த சேறு, அடியில் ஆக்சிஜன் இல்லாதபோது பாஸ்பரசைத் திரும்ப வெளிவிடும். வரத்தை நிறுத்திய பிறகும் சில ஆண்டுகள் பாசி வருவதற்குக் காரணம் அதுதான். அந்த ஆண்டுகளில் மனம் தளர்ந்து வேலையை விட்டுவிடும் குழுக்கள் அதிகம். செக்கி தட்டு எண் மெதுவாகவாவது கூடுகிறதா என்று பாருங்கள். கூடினால் வழி சரி.

நீர்மட்டத்தை நிரந்தரமாக உயர்த்தி அழகு பார்க்கும் ஆசை பெரிய கேடு. பகாங்கின் தாசேக் சினியில் 1995-இல் படகுப் போக்குவரத்துக்காக ஆற்று வாயில் சிறு தடுப்பணை கட்டினார்கள். மட்டம் உயர்ந்து கரையோர மரங்கள் நீரில் மூழ்கிச் செத்தன. 2009-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த ஏரிக்கே அந்தக் கதி. வெயில் காலத்தில் கொஞ்சம் இறங்கி மழையில் ஏறும் மட்டம்தான் குளத்தின் இயல்பு. இறங்கும்போது தெரியும் சேற்றுத் திட்டில் உள்ளானும் கொக்கும் இரை தேடும்.

படி 7: கரை

சிமெண்டுச் சுவர் கேட்கும் குரலை மறுக்கத் தயாராக இருங்கள். சுவர் எழுந்தால் தவளைக்கும் ஆமைக்கும் ஏறி இறங்க வழியில்லை. விழுந்த குழந்தைக்கும் பிடித்து ஏற வழியில்லை. 6 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற மென்மையான சாய்வில் கரையை இறக்கி, நீர் தொடும் இடத்தில் தேங்காய் நார் உருளைகளைப் பதித்து, அவற்றில் கோரை நடுங்கள். செங்குத்தான மேடுகளில் வெட்டிவேர் மண்ணைப் பிடிக்கும். அதற்குப் பின்னால் ஈரம் தாங்கும் உள்ளூர் மரங்கள்: புத்தாட், மெங்குவாங் தாழை, கெலெம்பாயான் என்று மலாயில் சொல்லும் கடம்பு. கடம்பு சீக்கிரம் நிழல் தரும், கோயில் பிள்ளைகளுக்கும் அதை நட விருப்பம் இருக்கும். அணையின் மண்கரையில் மட்டும் மரம் எதுவும் வேண்டாம் என்று முன்பே சொன்னேன்.

படி 8: மீன்

வெளிநாட்டு மீன்களான திலாப்பியா, ஆப்பிரிக்கக் கெலி (கெளுத்தி வகை), பீக்கோக் பாஸ், ஈகான் பண்டாராயா எதையும் விடாதீர்கள், விடவும் அனுமதிக்காதீர்கள். திலாப்பியா அடியைக் கிளறிக் கலக்கும், பண்டாராயா கரையில் வளை தோண்டும். களை தின்னும் என்று புல்கெண்டை விடச் சொல்வார்கள். அது நல்ல செடியையும் தின்று கழிவை உரமாக விட்டுப் போகும். தண்ணீர் தெளிந்தால் உள்ளூர் மீன்களான விராலும் பூயுவும் செப்பாட்டும் வாய்க்கால் வழியே தாமாக வந்து சேரும். வேண்டுதலுக்காக மீன் விடும் பழக்கமுள்ள நண்பர்களிடம் உள்ளூர் இனம் எது என்று பக்குவமாகச் சொல்லிவைக்கலாம்.

படி 9: மக்கள் வர வேண்டும்

மக்கள் வராத குளம் குப்பைமேடாகும். ஆட்கள் நடமாடும் குளத்தில் யாரும் இரவில் லாரியோடு வந்து கொட்டத் துணிவதில்லை. ஆனால் சுற்றளவு முழுவதையும் மனிதருக்குக் கொடுத்துவிடக் கூடாது. என் கணிப்பில் மூன்றில் ஒரு பங்குக் கரை, வாய்க்கால் நுழையும் பக்கம், பறவைக்கு என்று விடப்பட வேண்டும். பாதை அங்கே உள்வாங்கி மரத்துக்குப் பின்னால் போகட்டும். ஓடுபாதைக்கு இறுக்கிய செம்மண் போதும், மழைநீரும் ஊறும். விளக்குகள் தாழ்வாக, மஞ்சள் ஒளியில், பாதை நோக்கி மட்டும் இருந்து, இரவு ஒரு நேரத்துக்குப் பின் அணைய வேண்டும்.

பாதுகாப்பில் சிக்கனம் கூடாது. ஈயக்குட்டைகளில் பிள்ளைகள் மூழ்கிய செய்தியை நாம் எத்தனை முறை படித்துவிட்டோம். ஆழம் தொடங்கும் இடத்துக்கு முன் அடர்ந்த கோரைப் பட்டை, மீட்பு வளையமும் கயிறும் பாதையிலிருந்து கண்ணுக்குத் தெரியும்படி, நான்கு மொழியிலும் ஆழத்தைப் படமாகக் காட்டும் பலகை. மீன்பிடிக்க ஒரு மரமேடை ஒதுக்கிக் கொடுத்தால் ஆபத்தான இடங்களுக்குப் போவது குறையும்.

எலியின் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் இன்னொரு கவலை. 2010-இல் பகாங்கின் லூபோக் யூ பொழுதுபோக்குக் காட்டில் அது பரவி உயிர்கள் போயின. குளத்தோரம் உணவுக்கடை வைப்பதானால் குப்பைத் தொட்டிக்கு மூடியும் தினசரி அகற்றலும் முதல் நிபந்தனையாக இருக்க வேண்டும். காலில் புண் உள்ளவர்கள் களை எடுக்கத் தண்ணீரில் இறங்கக் கூடாது. மற்றவர்களுக்கும் பூட்ஸ் கட்டாயம். டிங்கி பயத்தால் குளத்துக்குப் புகை அடிக்கச் சொல்பவர்களிடம், ஏடிஸ் கொசு மீனுள்ள திறந்த குளத்தில் வளர்வதில்லை, கரையில் கிடக்கும் நெகிழிக் கோப்பையிலும் டயரிலும்தான் வளர்கிறது என்று சொல்லுங்கள். புகையை விட்டுக் குப்பையைப் பொறுக்கினால் கொசு குறையும்.

கோயில் சடங்குகளுக்கும் இடம் தேவை. கரகம் கரைக்கவும் காரியம் செய்யவும் நம்மவர்கள் நீர்நிலைக்குத்தான் வருவார்கள், அதைத் தடுப்பது சரியுமில்லை, நடக்கவும் நடக்காது. ஒரு பக்கத்தில் அகலமான படித்துறை கட்டி, பூமாலை, வாழையிலை போடத் தனித் தொட்டியும், துணி, நெகிழி, சட்டி போட இன்னொன்றும் வையுங்கள். பூவை உரக்குழிக்கு எடுத்துப் போகலாம். இதைக் கோயில் தலைவரோடும் பூசாரியோடும் உட்கார்ந்து பேசி, அவர்கள் வாயாலேயே அறிவிக்கச் செய்தால் பலகையே தேவைப்படாது.

படி 10: குழுவும் கணக்கும்

குழுவில் தமிழர் மட்டும் இருந்தால் போதாது. பக்கத்துக் கம்போங் (மலாய்க் கிராமம்), சீனர் கடைத்தெரு, ஓராங் அஸ்லி எனும் பூர்வகுடிகளின் குடியிருப்பு இருந்தால் அவர்கள், தோட்ட நிர்வாகத்தின் ஒருவர், பள்ளியின் ஒருவர் எல்லாரும் வேண்டும். சங்கப் பதிவு செய்தால் வங்கிக் கணக்கும் மானிய விண்ணப்பமும் சாத்தியமாகும்.

நிர்வாக முறைக்கு நமக்கு ஒரு பழைய முன்னோடி இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919, 921-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை, ஏரி வாரியத்துக்கு 6 பேர் என்றும், பதவிக்காலம் 360 நாள் என்றும் சொல்கின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி பெயர் கொடுக்க முடியாது. அவருடைய நெருங்கிய உறவினரும் முடியாது. இந்த விதியை அப்படியே உங்கள் குழுவின் சட்டவிதியில் எழுதிக்கொள்ளலாம். தலைவர் பதவி ஒரே வீட்டில் பதினைந்து வருடம் தங்கியதால் குலைந்த நல்ல முயற்சிகள் நம் ஊர்களில் ஏராளம்.

நிதியில் பெரும்பகுதியைத் திறப்பு விழாவுக்கும் வளைவுக்கும் செலவிடாமல் பராமரிப்புக்கு ஒதுக்குங்கள். முன்குளம் வருடம் ஒரு முறை, களைக் காவல் வாரம் ஒரு முறை, கலிங்கும் மதகும் ஏப்ரல், அக்டோபர் மழைக்கு முன், ஆய்வக மாதிரி இரண்டு முறை. இவை நிற்காமல் நடந்தால் மற்றவை தாமதமானாலும் குளம் பின்வாங்காது. அளந்த எண்களை மாணவர்கள் எழுதட்டும். தமிழ்ப்பள்ளி, மலாய்ப்பள்ளி, சீனப்பள்ளி மூன்றும் மாதம் மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டால் ஒரு பள்ளி விடுமுறையால் பதிவு அறுந்துபோகாது. வரவு செலவை மூன்று மாதத்துக்கு ஒரு முறை கோயில், சூராவ் (சிறு பள்ளிவாசல்), கடைத்தெரு அறிவிப்புப் பலகைகளில் ஒரே நாளில் ஒட்டுங்கள். கீழே பொருளாளர் கையெழுத்தோடு, அந்த மூன்று மாத செக்கி தட்டு எண்ணும் இருக்கட்டும்.